ஜெர்மனிக்குப் போன மக்ரூன்

எங்கள் ஜெர்மன் கார் முள்ளக்காடு தாண்டி, உப்பளத்துக்கு நடுவில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நின்றது. தூத்துக்குடியிலிருந்து நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. என் வீட்டுக்காரர் நேசக்குமார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஒன்றுமில்லை, வண்டி தானாகவே கூல் ஆகிக்கொள்ளும் என்றார். ஜெர்மன்காரன் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருப்பான் என்பது அவருடைய விசுவாசம். பத்து நிமிடம் ஆகியும் வண்டி கூல் ஆகவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏ.சி. இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்த நான்தான் வெந்துபோனேன்.

கடைசியில் உப்பு ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தித் தன் தண்ணீர் கேனைக் கொடுத்தார். அவருடைய லாரிக்கு இருபது வயதாவது இருக்கும். ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இது எந்த ஊர் வண்டி என்று கேட்டார். ஜெர்மனி என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். லாரிக்காரர் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு "அப்படியா" இவரை எவ்வளவு குத்தியது என்பது எனக்குத்தான் தெரியும். ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழே ஒழுகிவிட்டது. வண்டியை அங்கேயே விட்டு, ஆட்டோ பிடித்துக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்தியும் எழுந்திருந்தது. சாப்பிடும்போதும் என் பக்கம் குனிந்து, "அவன் எதுக்குலா அப்படியான்னு கேட்டான்?" என்றார்.

இந்த விசுவாசம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பேக்கரி இருக்கிறது. என் மாமனார் ஞானையா ஆரம்பித்தது, போர்டிலும் அவர் பெயர்தான். ரொட்டி, பன், கேக் எல்லாம் உண்டு. ஆனால் ஜனங்கள் வருவது மக்ரூனுக்கு. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்து, காகிதக் கூம்பில் வைத்துப் பிழிந்து, ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சுகிற இளஞ்சூட்டில் வைத்துவிட்டால் காலையில் எடுக்கலாம். வாயில் போட்டால் கரைய வேண்டும். அந்த வெள்ளைக்கருவை அடிப்பதற்கு மாமனார் ஒரு ஜெர்மன் மெஷினைத் துறைமுக ஏலத்தில் எடுத்தார். ஐம்பது வருஷம் ஆகிறது. முழுக்க இரும்பு. நான்கு ஆள் இல்லாமல் நகர்த்த முடியாது. இதுவரை ஒரு பெல்ட் மட்டும்தான் மாற்றியிருக்கிறோம். அதைப் பார்த்து வளர்ந்தவர் இவர். அதனால்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால், ஊரில் எல்லோரும் வாங்குகிற வண்டியை விட்டுவிட்டு இதை வாங்கினார்.

வண்டியை மூன்றாம் மைல் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஜெர்சனிடம் இழுத்துக்கொண்டு போனோம். ஜெர்சன் துபாயில் பத்து வருஷம் ஜெர்மன் கார்களிலேயே வேலை பார்த்தவன். அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து எதையோ கழற்றி எடுத்துத் துடைத்து இவர் கையில் வைத்தான். எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடுகிற பம்பு. ஓரத்தில் மயிரிழையாகக் கீறல்.

"அண்ணாச்சி, இது பிளாஸ்டிக்கு" என்றான். "சூடு பட்டுப் பட்டுக் கீறிட்டு. எல்லா வண்டியும் இந்த வயசுல இதுக்குத்தான் வருது."

இவர் நம்பவில்லை. யாரோ நடுவில் டூப்ளிகேட் மாட்டியிருக்கிறார்கள் என்றார். நகத்தால் தட்டிப் பார்த்தார். டக் டக்கென்று சோப்பு டப்பா மாதிரி கேட்டது. ஜெர்சன் அதைத் திருப்பிக் காட்டினான். ஜெர்மனியில் செய்தது என்று இங்கிலீஷில் எழுத்து புடைத்துக்கொண்டிருந்தது. இவர் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். அழிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. முந்தைய மாடலில் அலுமினியம் போட்டிருந்தான், இதில் காசைக் குறைத்துவிட்டான் என்று ஜெர்சன் விளக்கினான். வாரண்டி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதையும் கணக்குப் பார்த்துத்தான் உடையும் அண்ணாச்சி என்று சொல்லிச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

உடைந்த பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டார். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். நான்காம் நாள், ஜெர்மனிக்குக் கடிதம் எழுதப் போவதாக அறிவித்தார். பணத்துக்காக இல்லையாம், அவர்களுக்குப் புத்தி வருவதற்காம். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அல்லவா, சும்மா இருக்குமா? நோட்டில் நாலு பக்கம் எழுதினார். அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. கடையில் கொள்முதல், சம்பளம், ஜி.எஸ்.டி., டைப்பிங் எல்லாம் நான்தான். கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பெருமை பேசுவது மட்டும் அவர்.

முதல் பக்கம் முழுக்க ஜெர்மானியர்களுக்குப் புகழ்மாலை. இரண்டாம் பக்கம் மாமனாரின் மெஷின். மூன்றாம் பக்கம் பம்பு. அதுவரை சிரித்துக்கொண்டே அடித்தேன். நாலாம் பக்கத்துக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. இப்படி எழுதியிருந்தார்: நானும் ஒரு பொருள் செய்து விற்கிறவன். என் தகப்பனார் காலத்திலிருந்து இன்றுவரை எங்கள் மக்ரூனில் ஒரு முந்திரிப் பருப்பைக்கூட நாங்கள் குறைத்ததில்லை. இதைக் கடவுளுக்கு முன்பாகச் சொல்லுகிறேன். இத்துடன் ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் பம்பைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த மக்ரூனில் மூன்றில் ஒரு பங்கு நிலக்கடலை. கலந்தது நான்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். கொரோனா முடிந்து கடை திறந்தபோது பாதி வியாபாரம்கூட இல்லை. முந்திரி விலை ஏறிக்கொண்டே போனது. வேலை செய்கிறவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் குடும்பம். விலையை ஏற்றலாமா என்று இவரிடம் இரண்டு தடவை கேட்டேன். அப்பா காலத்துக் கடை, ஜனங்கள் வருத்தப்படுவார்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். கர்த்தர் வந்து முந்திரி வாங்கித் தருவாரா? ஒரே ஒரு வாரம் என்றுதான் பேக்கரி மாஸ்டர் பால்துரையிடம் சொன்னேன். தோல் நீக்கிய கடலையை லேசாக வறுத்துப் பொடித்து, கால் பங்கு சேர்த்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது. கால் பங்கு மூன்றில் ஒரு பங்கு ஆனது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. முத்து நகர் என்று பெயர் வைத்துக்கொண்டு எங்கிருந்தோ வருகிற முத்தைத்தானே இங்கே டூரிஸ்டுகளுக்கு விற்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது என் குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்துதான் போகும்.

இவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நாலு வருஷமாக இவருக்குச் சர்க்கரை. இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நடத்திக் காட்டுகிற போலீஸ் நான்தான். சத்தியமாக, ஆரம்பத்தில் அது சர்க்கரைக்காக மட்டும்தான். பிறகு எனக்கு அது வசதியாகவும் போய்விட்டது. அதை மறைக்க மாட்டேன்.

இப்போது சாட்சியத்தோடு கடவுள் பேரில் சத்தியம் பண்ணி ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறார். அங்கே யாராவது ஒரு ஆள் அதை லேபில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டால்? ஜெர்மன்காரன், செய்தாலும் செய்வான். நிலக்கடலை முப்பத்து மூன்று சதவீதம் என்று சீல் வைத்துப் பதில் வந்தால், அதைப் பிரித்துப் படிக்கிறவர் இவர். கட்டின நாளிலிருந்து என்னிடம் ஒரு பொய் சொல்லாத மனுஷன். அவர் முகத்தை அப்போது நான் எப்படிப் பார்ப்பேன்? அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் கடிதத்தின் பிரிண்டை எடுத்து நாலாம் பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

ஆகவே எனக்குத் தோன்றிய வழி இது: ஜெர்மனிக்குப் போகிற ஒரு கிலோவை மட்டும் முழு முந்திரியில் செய்துவிடுவது. செவ்வாய்க்கிழமை பால்துரையிடம் சொன்னேன். உடைந்தது கொஞ்சம் போனாலும் இருக்கட்டும் என்று இரண்டு கிலோவாகப் போடச் சொன்னேன். அவன் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன், இருபது வருஷமாக எங்களிடம் இருக்கிறான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஜெர்மனிக்கு முந்திரி, தூத்துக்குடிக்குக் கடலை. அப்படித்தான அக்கா?" என்றான்.

வேலையைப் பார் என்றேன். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. முழு முந்திரியில் செய்து, புதன்கிழமை அடுப்பிலிருந்து எடுத்து, பச்சை மூடி போட்ட தனி டின்னில் வைத்து, அது பார்சலுக்கு என்று இவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சமையலை முடித்து ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தால், பார்சல் போய்விட்டது என்கிறார் இவர். கூரியர்காரன் சீக்கிரம் வந்துவிட்டானாம். டின்னைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அதை முழுதாக விடுவதற்குள் இவர் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"நீ எடுத்து வச்சத அனுப்பல ஷெர்லி. நல்லதாப் பாத்துப் பொறுக்கி அனுப்புனா அது டெஸ்ட்டா? கடையில விக்கதத்தான் அனுப்பணும். கண்ண மூடிக்கிட்டு ஜாடிக்குள்ள கைய விட்டேன், வந்தத அள்ளிப் போட்டேன்."

அப்போது அந்த டின்னில் இருந்தது எங்கே என்று கேட்டேன். ஜாடி காலியாக இருந்ததால் அதில் கொட்டிவிட்டதாகச் சொன்னார். இந்த மனுஷனுடைய நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடலை மக்ரூன் நாலாம் பக்கத்துச் சத்தியத்தோடு விமானம் ஏறப் போய்விட்டது. முழு முந்திரி மக்ரூன் கண்ணாடி ஜாடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பால்துரை அடுப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. துறைமுக ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் வந்து, நேற்று வாங்கினது மாதிரி இல்லையே என்றார். மறுநாள் காலையில் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நான் ஏதேதோ சொல்லி அனுப்பினேன். பதினோரு மணிக்கு ஜெபகனி டீச்சர் வந்தார். ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ், அடுத்த தெரு. மாலை டீயோடு தினம் இரண்டு மக்ரூன் என்பது அவர் வீட்டுச் சட்டம். கையில் முந்தின நாள் ஜாடியிலிருந்து போட்டுக்கொடுத்த எங்கள் பெட்டி, அதில் மிச்சம் ஏழு. அதை நேராக இவர் முன்னால் கல்லாவில் வைத்தார்.

"தம்பி, எதையோ மாத்திட்டிய. நல்லா மணமா இருக்கும், இது சப்புன்னு இருக்கு" என்றார். "முந்திரியக் கொறச்சிட்டியளோ?"

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் கடையிலா டீச்சர் என்று கேட்டு, அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். சுகர் என்று நான் கையை நீட்டினேன். அதற்குள் வாயில் போட்டுவிட்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் மக்ரூன். கண்ணை மூடிக்கொண்டார். முகம் அப்படியே இளகிவிட்டது.

"அப்பா போட்டது மாதிரியே இருக்கு" என்றார்.

பிறகு டீச்சர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. அலமாரியில் திங்கட்கிழமை கட்டிய பெட்டிகள் இருந்தன. டீச்சருக்கு ஒப்பிட்டுக் காட்டுவதற்காக ஒன்றைப் பிரித்து, அதிலிருந்தும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மூன்று வருஷம் ஒளித்துவைத்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது. இவர் மென்றார். நிறுத்தினார். மறுபடி மெதுவாக மென்றார். பால்துரையைப் பார்த்தார், அவன் தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்திருக்கும்.

டீச்சர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டீச்சருக்கு முன்னால் நின்று பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

"டீச்சர், நீங்க கொண்டு வந்ததுலதான் முழுக்க முந்திரி இருக்கு. இத்தன நாளா நீங்க சாப்பிட்டதுல கடலை கலந்திருந்துச்சு" என்றார். "நான்தான் கலந்தேன்."

கட்டின நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. டீச்சர் அவரை ஒரு நிமிஷம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முட்டிபோடச் சொல்வாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. சொன்னவரைக்கும் நல்லது என்றார். பிறகு, அந்தக் கடலை போட்டதில் ஒரு பத்து இருந்தால் தரும்படி கேட்டார். இனி அது கிடையாது டீச்சர் என்று இவர் சொன்னதும், முனகிக்கொண்டே ஒரு பன் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கடையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. பிரித்த பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். என் பேரைச் சொல்லியிருக்கலாமே என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"போர்டுல எங்க அப்பா பேருதான இருக்கு. உன் பேரா இருக்கு?" என்றார்.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. குற்றம் செய்தவள் நான்தான், தலைகுனிந்து நின்றிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்து பில் பார்த்தவள் நான். ஆறு பேரில் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல் கடை எப்படி ஓடியது, அதை ஒரு நாளாவது கேட்டீர்களா என்றேன். கர்த்தர் பார்த்துக்கொண்டார் என்று அவர் முனகினார்.

"ஆமா, கர்த்தர் பாத்துக்கிட்டாரு" என்றேன். "கடலைய நான் பாத்துக்கிட்டேன்."

அடுப்புப் பக்கம் பால்துரை இருமினான். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெபகனி டீச்சர் விட்டுப்போன பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போது ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார், எதுவானாலும் வாங்கிக்கொள்வோம் என்று நான் நின்றேன்.

"அப்போ அந்த பம்பு கம்பெனியிலயும் இப்படி ஒருத்தி உக்காந்து கணக்குப் பாத்திருப்பா, என்ன?" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அவளையும் எவனும் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷமாகத் திட்டு வாங்கத் தயாராக இருந்தவள் நான். இதற்கு நான் தயாராக இல்லை. கல்லாவுக்கு முன்னால் ஆள் வந்து நிற்பதைக்கூடப் பார்க்காமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பால்துரைதான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, அந்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டான்.